யூ-பூட்: "டிராம்" வரி வந்ததும் போர்டு நின்றுவிடுகிறது, ரீலொகேஷனில் எங்கே தவறு?

மின்தடை_47 (கேள்வி)

ஐ.எம்.எக்ஸ்6 அல்ட்ராலைட் சிப் (கார்டெக்ஸ்-ஏ7, 32 பிட்) வைத்த போர்டு, பூட்லோடர் (கெர்னலை ஏற்றும் முதல் நிரல்) யூ-பூட். பி.சி.பி ஒன்றுதான், வகை இரண்டு: ஒன்றில் 256 எம்.பி டி.டி.ஆர்3எல், மற்றதில் 128 எம்.பி. எந்த வகை என்பது ஐ2சி ஈபிராமில் (மின்சாரம் போனாலும் மறக்காத சிறு நினைவக சிப்) 16 பைட் எழுத்துச் சரமாக இருக்கிறது. அதை டிராம்_இனிட்டில் படித்து ரேம் அளவை முடிவு செய்கிறோம். போர்டு_எர்லி_இனிட்_எஃப்-இல் ரீசெட் காரண ரெஜிஸ்டரையும் படித்து ஒரு ஸ்டாட்டிக் வேரியபிளில் வைக்கிறோம். இந்த இரண்டையும் சேர்த்த பிறகுதான் தொல்லை ஆரம்பம்.

கீழே வரும் முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ்.

ரேம் தொடக்கம் 80000000, டெக்ஸ்ட் பேஸ் (யூ-பூட் முதலில் இறங்கும் முகவரி) 87800000, மாலக் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) அளவு 16 எம்.பி. ரீலொகேஷனுக்கு (யூ-பூட் தன்னையே ரேமின் உச்சிக்கு நகலெடுத்துக்கொள்வது) முந்தைய ஸ்டாக்கும் ஜி.டி-யும் (யூ-பூட்டின் பொதுத் தகவல் கட்டமைப்பு) சிப்புக்குள் இருக்கும் எஸ்ராமில்.

128 எம்.பி போர்டு "டிராம்" வரியை அச்சடித்த உடனே மௌனமாகிறது, எப்போதுமே. 256 எம்.பி போர்டு பில்டுக்கு பில்டு மாறுகிறது. சில பில்டுகள் பிராம்ப்ட் வரை போகின்றன. சிலவற்றில் "டேட்டா அபார்ட்" (தவறான நினைவக அணுகல்) வந்து ரீசெட் ஆகிறது, அப்போது பி.சி (ஓடிக்கொண்டிருந்த இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி) 87812464 என்று காட்டுகிறது, அடுத்து வரும் "ரீலொக் பி.சி" வரியில் 80000000-க்கும் கீழே ஏதோ பொருளற்ற எண். எங்காவது ஒரு பிரின்ட் வரி சேர்த்தால் சரியாகிவிடுகிறது, எடுத்தால் திரும்ப வருகிறது. பிராம்ப்ட் வரை போன பில்டிலும், ரீசெட் காரணத்தை போர்டு_லேட்_இனிட்டில் எடுத்துப் பார்த்தால் பூஜ்யம்.

டி.டி.ஆர் கேலிபரேஷனை இரண்டு முறை செய்து பார்த்தாயிற்று, மெமரி டெஸ்ட்டும் தேறுகிறது. ரேம் மேல் சந்தேகப்படுவதா, ரீலொகேஷன் மேலா?

---

அடிக்குறி

ரேமை விட்டுவிடுங்கள். விடை உங்கள் பதிவிலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, பி.சி 87812464. "ரீலொக் பி.சி" வரி அச்சாக வேண்டுமென்றால் ஜி.டி-யில் ரீலொகேஷன் முடிந்தது என்ற கொடி ஏறியிருக்க வேண்டும். போர்டு_இனிட்_ஆர் (ரீலொகேஷனுக்குப் பிறகு ஓடும் கட்டம்) தொடங்கிய பிறகுதான் அது ஏறும். அதாவது யூ-பூட் ரேமின் உச்சிக்குக் குடிபோய்விட்டது, ஆனால் பி.சி இன்னும் 878-இல் தொடங்கும் பழைய வீட்டில் நிற்கிறது. அச்சான எண் பொருளற்றுப் போனதும் இதனால்தான்: ஏற்கெனவே பழைய முகவரியாக இருப்பதிலிருந்து ஆஃப்செட்டை (புதிய, பழைய முகவரிகளின் வித்தியாசம்) மறுபடி கழித்திருக்கிறது. யாரோ ஒரு பழைய ஃபங்ஷன் பாயின்டர் வழியாகப் பழைய நகலுக்குள் தாவியிருக்கிறார்கள்.

இரண்டாவது, ரீசெட் காரணம் பூஜ்யமாவது. தொடக்க மதிப்பு இல்லாத, அல்லது பூஜ்யம் என்று கொடுத்த ஸ்டாட்டிக் வேரியபிள் பி.எஸ்.எஸ் என்ற பகுதியில் போய் உட்காரும். ரீலொகேஷனில் பி.எஸ்.எஸ் நகலெடுக்கப்படுவதில்லை, புதிய இடத்தில் பூஜ்யமாக்கப்படுகிறது. அதனால் முன்னால் எழுதியது பின்னால் கிடைக்காது.

கிடைக்காமல் போவதோடு நின்றால் பரவாயில்லை. ஆர்மின் லிங்கர் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பாருங்கள்: பி.எஸ்.எஸ் தொடங்கும் முகவரியும் ரெல்-டின் (ரீலொகேஷனில் திருத்த வேண்டிய முகவரிகளின் பட்டியல்) தொடங்கும் முகவரியும் ஒன்றே. ஓவர்லே என்றே எழுதியிருக்கும். ரீலொகேஷன் முடியும் வரை அந்த இடம் திருத்தப் பட்டியலுடையது, முடிந்த பிறகு அந்தப் பட்டியலால் பயனில்லை, ஆகவே பி.எஸ்.எஸ்-க்குத் தனி இடம் எதற்கு என்று சிக்கனமாக ஒன்றின் மேல் ஒன்று வைத்திருக்கிறார்கள். ரீலொகேஷனுக்கு முன் நீங்கள் பி.எஸ்.எஸ்-இல் எழுதினால் அந்தப் பட்டியலின் மேலேயே எழுதுகிறீர்கள்.

32 பிட் ஆர்மில் பட்டியலின் ஒவ்வொரு பதிவும் 8 பைட். முதல் 4 பைட், திருத்த வேண்டிய சொல் இருக்கும் முகவரி. அடுத்த 4 பைட் தகவல். அதன் மிகக் கீழ்மதிப்பு பைட் ரீலொகேஷன் வகை. நகலெடுத்துத் திருத்தும் ரீலொகேட்_கோட் ஒவ்வொரு பதிவிலும் வகை 23 தானா என்று பார்க்கும் (ஆர்ம் ரிலேட்டிவ் வகையின் எண் அது). ஆம் என்றால் அந்தச் சொல்லின் புதிய நகலில் ஆஃப்செட்டைக் கூட்டும். இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

உங்கள் ஈபிராம் சரம் அச்சிடத்தக்க எழுத்துகள் என்கிறீர்கள். அச்சிடத்தக்க ஆஸ்கி 32-இலிருந்து தொடங்குகிறது, 23 அதில் வரவே வராது. எனவே அந்தச் சரம் விழுந்த பதிவுகள் அத்தனையும் சத்தமில்லாமல் தாண்டப்படும். அவற்றுக்குரிய பாயின்டர்கள் பழைய நகலையே காட்டிக்கொண்டிருக்கும். பிரின்ட் வரி சேர்த்தால் சரியாவதும் இதே கதைதான்: பட்டியலும் வேரியபிள்களும் சில பைட் நகர, வேறு பதிவு அடிபடுகிறது. அது ஒரு சரத்தின் முகவரியாக இருந்தால் பழைய நகலிலிருந்தே படித்துக்கொண்டு வண்டி ஓடும்.

உறுதி செய்ய சிஸ்டம் மேப் கோப்பில் அந்த இரண்டு வேரியபிள்களையும் தேடுங்கள். வகை எழுத்து "பி" (சிறியதோ பெரியதோ) என்றால் பி.எஸ்.எஸ். ரெல்-டின் தொடக்க, முடிவு முகவரிகளும் அங்கேயே இருக்கும். வேரியபிள் இடையில் விழுகிறதா என்று பாருங்கள். முடிவைத் தாண்டி விழுந்தாலும் நிம்மதி இல்லை. டி.டி.பி-யை (போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பு) தனிக் கோப்பாக ஒட்டும் அமைப்பில் அது ரெல்-டின்னை அடுத்துத்தான் வருகிறது, அங்கே எழுதினால் டிவைஸ் ட்ரீ கெடும்.

திருத்தம்: வேரியபிளுக்கு டேட்டா செக்ஷன் என்று அட்ரிபியூட் கொடுங்கள். அது இமேஜோடு சேர்ந்து நகலெடுக்கப்படும், மதிப்பும் தங்கும். -1 போலப் பூஜ்யமல்லாத தொடக்க மதிப்பு கொடுத்தாலும் டேட்டாவுக்குப் போகும். ஆனால் பின்னால் ஒருவர் "எதற்கு இந்த -1" என்று அழித்துவிட்டால் பிழை திரும்பிவிடும், அட்ரிபியூட்தான் நல்லது.

---

ஊசிமுனை

மேலே சொன்னது சரி. ஆனால் "இதுதான் காரணம்" என்று நிரூபிக்காமல் திருத்தாதீர்கள். பிரின்ட் வரி சேர்த்தாலே மறையும் பிழை, அட்ரிபியூட் சேர்த்தாலும் தற்செயலாக மறையும்.

ஜே-டாக் (சிப்பை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக் இணைப்பு) இருந்தால் நிரூபிக்கப் பத்து நிமிடம் போதும். ரீலொகேட்_கோட் தொடக்கத்தில் ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் வையுங்கள். நின்றதும் ரெல்-டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நினைவகத்தை ஒரு கோப்பில் கொட்டுங்கள். டி.டி.பி ஒட்டாத யூ-பூட் பைனரியிலிருந்து அதே பகுதியை வெட்டியெடுங்கள். ரெல்-டின் தொடக்கத்திலிருந்து டெக்ஸ்ட் பேஸைக் கழித்தால் கோப்புக்குள் எத்தனையாவது பைட் என்பது கிடைக்கும். இரண்டையும் பைட்டுக்கு பைட் ஒப்பிடுங்கள். ஒரு பைட் வேறுபட்டாலும் யாரோ எழுதியிருக்கிறார்கள். ஒப்பிடும் கருவி பைட்டுகளை 1-இலிருந்து எண்ணும், அதை மறந்தால் ஒன்று தள்ளிப் பார்ப்பீர்கள். வேறுபட்ட இடத்தை 8-ஆல் வகுத்தால் பதிவு எண்; ரீட்-எல்ஃப் காட்டும் ரீலொகேஷன் பட்டியலில் அதே வரிசையில் எண்ணினால் எந்தப் பாயின்டர் கெட்டது என்பது வரை தெரியும்.

இந்த இடத்தில் சாஃப்ட்வேர் பிரேக்பாயின்ட் பயன்படுத்தாதீர்கள். பழைய நகலில் வைத்தால் அந்த பிரேக் இன்ஸ்ட்ரக்ஷனே இமேஜோடு சேர்ந்து புதிய இடத்துக்கு நகலாகும், பிறகு நீங்கள் வைக்காத இடத்தில் போர்டு நிற்கும். புதிய முகவரியில் முன்கூட்டியே வைத்தால் நகலெடுக்கும்போது அழியும். ஜி.டி.பி டீபக்கரின் "ஃபினிஷ்" கட்டளையும் ஏமாற்றும்: ரீலொகேட்_கோடுக்குள் நுழையும்போதே எல்.ஆர் (திரும்ப வேண்டிய முகவரியை வைக்கும் ரெஜிஸ்டர்) புதிய நகலின் முகவரிக்குத் திருத்தப்பட்டிருக்கும். ஜி.டி.பி அங்கே ஒரு சாஃப்ட்வேர் பிரேக் வைக்கும், நகல் அதன் மேல் ஏறிப் போகும்.

ரீலொகேஷன் தாண்டிய பிறகு ஜி.டி.பி-யின் சிம்பல்கள் எல்லாம் பழைய முகவரிக்கானவை. அவற்றை இறக்கிவிட்டு, ஆட்-சிம்பல்-ஃபைல் கட்டளையில் யூ-பூட் எல்ஃப் கோப்பையும் புதிய முகவரியையும் கொடுங்கள். பிராம்ப்ட் கிடைத்தால் பி.டி.இன்ஃபோ கட்டளையிலேயே ரீலொகேஷன் முகவரியும் ஆஃப்செட்டும் இருக்கும். கிடைக்காவிட்டால் 32 பிட் ஆர்மில் ஆர்9-தான் ஜி.டி பாயின்டர், அதை ஜி.டி வகைக்கு மாற்றி ரீலொக்-அட்ரஸ் புலத்தை அச்சிடுங்கள். 64 பிட்டில் எக்ஸ்18.

---

நிழல்_நகல்

128 எம்.பி போர்டு ஏன் எப்போதும் சாகிறது என்பதை இன்னும் யாரும் தொடவில்லை. எனக்கு இந்த இழையில் சுவையான பகுதி அதுதான்.

டெக்ஸ்ட் பேஸ் ரேமின் தொடக்கத்திலிருந்து 120 எம்.பி தள்ளி இருக்கிறது. யூ-பூட் உச்சியிலிருந்து கீழ்நோக்கி இடம் பிடிக்கும்: முதலில் எம்.எம்.யு அட்டவணை, பிறகு தன் கோடும் பி.எஸ்.எஸ்-உம், அதற்குக் கீழே மாலக். 128 எம்.பி போர்டில் கோடு 127-ஐச் சற்றுத் தாண்டிய இடத்தில் உட்கார்ந்தால் 16 எம்.பி மாலக் கிட்டத்தட்ட 111-இலிருந்து 127 வரை. பழைய நகல் இருக்கும் 120 அதன் நடுவில். மாலக் தொடங்கும்போது பகுதி முழுவதும் பூஜ்யமாக்கப்படும் (இயல்பான அமைப்பு அதுதான்), பழைய நகல் அந்த நொடியே காலி. பழைய பாயின்டர் வழியே தாவினால் பூஜ்யங்களுக்குள் விழுவீர்கள். ஆர்மில் முழுப் பூஜ்யம் ஒரு செல்லுபடியான இன்ஸ்ட்ரக்ஷன், எதையும் செய்யாது. பி.சி வழுக்கிக்கொண்டே போகும், அபார்ட் உடனே வராது. உங்கள் மௌனத்துக்குக் காரணம் இதுதான்.

256 எம்.பி போர்டில் பழைய நகலை யாரும் தொடுவதில்லை, அதனால் பிழை ஒளிந்துகொள்கிறது. பெரிய இனிட்ராம்டிஸ்க்கை ஏற்றும் நாளில் வெளிவரும்: 83800000-இல் இறக்கினால் 64 எம்.பி தாண்டியதும் பழைய நகலின் மேல் ஏறும்.

இதையே சோதனையாக்கலாம். மேம்பாட்டு பில்டில் மட்டும், போர்டு_இனிட்_ஆர் தொடங்கியதும் பழைய நகல் இருந்த இடம் முழுவதையும் ஒரு அன்டிஃபைன்ட் இன்ஸ்ட்ரக்ஷனால் நிரப்பிவிடுங்கள். மேலே சொன்ன காரணத்தால் பூஜ்யம் போடாதீர்கள். டேட்டா கேஷ் இயங்கினால் நிரப்பியதை ஃப்ளஷ் செய்து இன்ஸ்ட்ரக்ஷன் கேஷைச் செல்லாததாக்குங்கள். பழைய வீட்டுக்குப் போகிறவர் எவரானாலும் வாசலிலேயே பிடிபடுவார்.

டேட்டா செக்ஷன் யோசனையோடு எனக்கு முழு உடன்பாடில்லை. உங்கள் போர்டில் பூட்-ராம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் முதல் நிரல்) இமேஜை ரேமில் இறக்கிவிட்டுத்தான் தாவுகிறது, அதனால் டேட்டாவில் எழுத முடிகிறது. நார் ஃப்ளாஷிலிருந்து நேராக ஓடும் போர்டில் ரீலொகேஷன் வரை டேட்டாவும் ஃப்ளாஷில்தான் இருக்கும், எழுதினால் எங்கும் போகாது. எல்லாப் போர்டிலும் செல்லுபடியாகும் வழி ஜி.டி. போர்டு வகைக்கு அதில் புலமே இருக்கிறது, அதற்கான கான்ஃபிக்கை இயக்கினால் போதும்.

டேட்டாவில் பாயின்டர் வைத்தால் இன்னொரு குழியும் உண்டு. ஒரு பாயின்டருக்குத் தொடக்க மதிப்பாக ஏதோ ஒன்றின் முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு ரெல்-டின்னில் பதிவு இருக்கும். ரீலொகேஷனுக்கு முன் அதை நல் ஆக்கினீர்கள் என்றால், 32 பிட்டில் திருத்தும் கோடு அங்கே அப்போது இருக்கும் மதிப்போடு ஆஃப்செட்டைக் கூட்டும். ஆஃப்செட் 08746000 என்றால் உங்கள் நல் இப்போது 08746000. "நல் இல்லையே" என்று நம்பி ஒருவர் உள்ளே போவார். 64 பிட்டில் நேர் எதிர்: பதிவு 24 பைட், கூட்ட வேண்டிய மதிப்பு பதிவுக்குள்ளேயே இருக்கிறது, பழைய மதிப்பைப் பார்க்காமல் அதையும் ஆஃப்செட்டையும் கூட்டி மேலே எழுதிவிடும். நீங்கள் மாற்றியது காணாமல் போகும். ஒரே சி கோடு, இரண்டு சிப்பில் இரண்டு விதமான பிழை.

ரீசெட் காரணத்தைப் பொறுத்தவரை, ஐ.எம்.எக்ஸ்6-இல் சி.பி.யு தகவலை அச்சிடும் யூ-பூட் கோடே அந்த ரெஜிஸ்டரைப் படித்து, அழித்து, மதிப்பை வைத்துக்கொள்ளும். எதற்குச் சேமிக்க வேண்டும்? லேட் இனிட்டில் கெட்_ஐ.எம்.எக்ஸ்_ரீசெட்_காஸ் ஃபங்ஷனைக் கேளுங்கள்.

---

மின்தடை_47

ஊசிமுனை சொன்னபடி செய்தேன். அப்படியே இருக்கிறது.

ரெல்-டின் தொடக்கம் 87860000, நீளம் 36 கே.பி, ஆக 4608 பதிவுகள். பி.எஸ்.எஸ் தொடக்கமும் 87860000. ரீசெட் காரண வேரியபிள் 87860344-இல், ஈபிராம் சரத்தின் 16 பைட் 87860348-இல். ஒப்பிட்டதில் முதல் வேறுபாடு 837-ஆவது பைட். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 104, 105, 106 ஆகிய மூன்று பதிவுகள் கெட்டிருந்தன. 104-இல் முகவரி தப்பியது, தகவல் சொல் மட்டும் போயிற்று. 105, 106 முழுவதும் சரத்தால் நிரம்பிவிட்டன. மூன்றில் இரண்டு, டெக்ஸ்ட்டின் லிட்டரல் பூலில் (கோடுக்கு நடுவே வைத்த மாறிலிகள்) இருந்த சர முகவரிகள். மூன்றாவது ஒரு கால்பேக் ஃபங்ஷனின் முகவரி. 87812464 அந்த ஃபங்ஷனுக்குள்தான் வருகிறது.

வகை எண்ணை ஜி.டி-க்கு மாற்றிவிட்டேன். சரத்தை டிராம்_இனிட்டின் உள்ளூர் வேரியபிளாக்கி, ஸ்டாக்கிலேயே படித்துவிட்டு விடுகிறேன். ரீசெட் காரணத்தை லேட் இனிட்டில் அந்த ஃபங்ஷனிடமிருந்து எடுக்கிறேன். பழைய நகலை நிரப்பும் சோதனையோடு இரண்டு வகைப் போர்டும் பிராம்ப்ட் வரை போகின்றன.

இன்னொரு கேள்வி. ஈபிராம் காலியாக இருந்தால் இப்போது 256 என்றே வைத்துக்கொள்கிறோம். 128 எம்.பி போர்டில் அப்படி நடந்தால் என்ன ஆகும்?

---

அடிக்குறி

பெரும்பாலும் பூட் ஆகும். அதுதான் ஆபத்து.

128-க்கு மேல் முகவரிக் கோடு இல்லாததால் மேல் பாதி கீழ்ப் பாதியின் நிழலாகத் தெரியும். யூ-பூட் 255 எம்.பி-க்குப் போவதாக நினைத்து உண்மையில் 127-க்குப் போகும். ஓடிக்கொண்டிருக்கும் நகல் 120-இல் தொடங்கி ஒரு எம்.பி-கூட இல்லை, மோதாது. பிராம்ப்ட் வரும், "256" என்று பெருமையாக அச்சாகும். பிறகு கெர்னல் இரண்டு பாதியையும் தனித்தனி ரேம் என்று நம்பிப் பக்கங்களைக் கொடுக்கும்போது, தொடர்பே இல்லாத இடத்தில் சரியும்.

கெட்_ராம்_சைஸ் ஃபங்ஷனுக்குத் தொடக்க முகவரியையும் அதிகபட்சம் 256 எம்.பி-யையும் கொடுங்கள். இரண்டின் அடுக்குகளில் எழுதிப் படித்து நிழலைக் கண்டுபிடித்து உண்மையான அளவைத் திருப்பித் தரும், தொட்ட இடங்களின் பழைய மதிப்பையும் திரும்ப வைக்கும். ஆனால் டி.டி.ஆர் கன்ட்ரோலர் இரண்டு வகைக்கும் பொருந்தும் அமைப்போடு ஏற்கெனவே தொடங்கியிருக்க வேண்டும். ஈபிராம் சொல்வதும் இது சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் இதை நம்புங்கள்.

---

ஊசிமுனை

ஒன்று விட்டுப்போயிற்று. பின்னால் ஆப்-டீ போல ஒன்றை (சாதாரண நிரல்கள் தொட முடியாதபடி தனியே ஓடும் சிறு ஓ.எஸ்) சிப்பின் பாதுகாப்பு உலகில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதை வழக்கமாக ரேமின் உச்சியில் வைப்பார்கள். யூ-பூட்டும் அதே இடத்துக்குத்தான் குடிபோகும். அந்தப் பகுதியைப் பாதுகாப்பற்ற பக்கத்துக்கு மூடிவிட்டால் "டிராம்" வரிக்குப் பிறகு நகலெடுக்கும் போதே அபார்ட் வரும், பார்க்க உங்கள் முதல் அறிகுறி மாதிரியே இருக்கும். வேறுபாடு: இங்கே கொடி இன்னும் ஏறாததால் "ரீலொக் பி.சி" வரி அச்சாகாது. போர்டு_கெட்_யூசபிள்_ராம்_டாப் ஃபங்ஷனை உங்கள் போர்டு கோப்பில் எழுதி, அந்தப் பகுதிக்குக் கீழே இருக்கும் முகவரியைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அந்த ஃபங்ஷனும் ரீலொகேஷனுக்கு முன்தான் ஓடுகிறது. அதற்குள் ஸ்டாட்டிக் வேரியபிள் வைக்காதீர்கள்.